ஐந்து சுற்று நேர்காணலுக்குப் பிறகு மௌனம்: நிராகரித்த காரணத்தைக் கேட்டுப் பெற வழி உண்டா?

சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மென்பொருள் சோதனைப் பொறியாளராக ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கைமுறைச் சோதனையில் தொடங்கியவன். கடைசி மூன்று ஆண்டுகள் செலினியத்திலும் (இணையதளங்களைத் தானியங்கியாகச் சோதிக்கும் கருவி) ஏபிஐ சோதனையிலும் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளைச் சோதிப்பது) கழிந்திருக்கின்றன. கடந்த ஆறு மாதங்களில் பதினொரு நிறுவனங்களின் நேர்காணல்களுக்குச் சென்றேன். அவற்றுள் நான்கு நிறுவனங்கள் தேர்வாகவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பின. மீதி ஏழு நிறுவனங்களிடமிருந்து நேரடியாக எந்தத் தகவலும் இன்றுவரை வரவில்லை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சென்னை ஓ.எம்.ஆரில் அலுவலகம் உள்ள ஒரு நிறுவனத்துக்காக ஒரு கன்சல்டன்சியிலிருந்து (நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் இடம்) என்னை அழைத்தார்கள். தற்போதைய சிடிசி (ஆண்டுக்கான மொத்தச் சம்பளத் தொகுப்பு), எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்ன பிறகு பணியாற்ற வேண்டிய காலம்) ஆகிய மூன்றையும் கேட்டுக்கொண்ட பிறகு, ஒரு மாதத்துக்குள் ஆன்லைன் தேர்வு, இரண்டு தொழில்நுட்பச் சுற்றுகள், மேலாளர் சுற்று என நான்கு கட்டங்கள் முடிந்தன. ஐந்தாவதான ஹெச்ஆர் சுற்றுக்கு நேரில் வரச் சொன்னதால் விடுப்பு எடுத்துக்கொண்டு சேரன் எக்ஸ்பிரஸில் இரவு கிளம்பிச் சென்றேன். அங்கே கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் யூஏஎன் எண்ணையும் (வருங்கால வைப்பு நிதிக்கான அடையாள எண்) வாங்கிக்கொண்டு, அந்தப் பகுதியில் வீட்டு வாடகை எவ்வளவு ஆகும் என்பது வரை பேசினார்கள். வேலை உறுதியாகிவிட்டது என்றே நினைத்து வீட்டில் சொல்லிவிட்டேன். என் மனைவி அங்கே பள்ளியில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கவே தொடங்கிவிட்டார்.

அதன்பிறகு மூன்று வாரங்கள் ஒரு தகவலும் இல்லை. நானே அழைத்தபோது கன்சல்டன்சியில் 'ஃபீட்பேக் இன்னும் வரவில்லை' என்றார்கள். மறுவாரம் 'பொசிஷன் ஹோல்டில் இருக்கிறது' என்றார்கள். ஆனால் அதே வேலைக்கான விளம்பரம் சில நாட்களில் நௌக்ரி தளத்தில் மீண்டும் வந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும், நிறுவனத்தின் பண்பாட்டுக்கு நான் பொருந்தவில்லை என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் பதில் வந்தது. ஐந்து சுற்றுகளிலும் கேட்கப்பட்டவை அனைத்தும் வேலை தொடர்பானவை. பண்பாட்டைப் பற்றி எவரும் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்த ஒருவரிக் காரணத்துக்கு உண்மையில் என்ன பொருள்? நேர்காணல் செய்தவர்களிடமே காரணத்தைக் கேட்டு எழுதுவது முறையாகுமா, அல்லது தொந்தரவு செய்பவன் என்று பெயர் கெட்டுப்போகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய ரெக்ரூட்டர் எழுதியது:

நண்பரே, சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் எட்டு ஆண்டுகள் இந்த வேலையைத்தான் செய்தேன். இப்போது வேறு துறைக்கு மாறிவிட்டதால் உள்ளதை உள்ளபடியே சொல்ல முடியும்.

முதலில், சம்பளச் சீட்டும் யூஏஎன் எண்ணும் கேட்கப்பட்டதை வேலை உறுதியானதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இறுதிக் கட்டத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேரிடமும் ஒரே வாரத்தில் அவற்றை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். நம் ஊரில் பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாட்கள். கையில் ஒரு ஆஃபர் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்த மூன்று மாதமும் இன்னும் நல்ல ஆஃபர் தேடி, சேர வேண்டிய நாளன்று தொலைபேசியை அணைத்துவிடுபவர்கள் ஏராளம். அதனால் முதலிடத்தில் உள்ளவர் உண்மையாகவே சேரும் வரை இரண்டாம் இடத்தில் உள்ளவருக்கு 'இல்லை' என்று சொல்ல எவரும் துணிவதில்லை. 'ஹோல்ட்' என்ற சொல்லுக்குப் பல நேரங்களில் இதுதான் பொருள். மௌனம் நிறுவனங்களின் அலட்சியத்தால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். வேலை தேடுபவர்களும் அதில் பாதியை வளர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது பணம். கன்சல்டன்சிக்கு வழக்கமாகக் கிடைப்பது, சேர்ந்தவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதுவும் அவர் சேர்ந்த பிறகுதான். சில மாதங்களுக்குள் அவர் விலகிவிட்டால் கட்டணம் வாங்காமல் வேறொருவரைத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கும். தேர்வாகாத ஒருவருக்குக் காரணம் விசாரித்துச் சொல்வதற்காக ரெக்ரூட்டர் செலவிடும் அரை மணி நேரத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. மாத இறுதியில் எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று மட்டும்தான் மேலாளர் கேட்பார்.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். பெரும்பாலும் காரணம் ரெக்ரூட்டருக்கே தெரியாது. நிறுவனத்தின் மென்பொருளில் உங்கள் பெயருக்கு எதிரே 'நிராகரிக்கப்பட்டது' என்று மாறும். அதனுடன் ஒரு பட்டியலிலிருந்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தொழில்நுட்ப அறிவு போதவில்லை, சம்பள எதிர்பார்ப்பு அதிகம், பண்பாட்டுப் பொருத்தம் இல்லை என்று ஏழெட்டு வரிகள் கொண்ட பட்டியல் அது. அவசரத்தில் இருக்கும் ஹெச்ஆர் அலுவலர், எவரையும் நேரடியாகக் குறை சொல்லாத வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் வரி அந்தப் பட்டியலிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். விளம்பரம் மீண்டும் வந்ததற்கும் பெரிய பொருள் இல்லை. முதலாமவர் சேராமல் போயிருக்கலாம், அல்லது பழைய விளம்பரமே புதுத் தேதியுடன் மேலே வந்திருக்கலாம்.

இதை எழுதும்போது ஒன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். காரணம் தெரியாத நேரங்களில் நானே காரணங்களை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறேன். திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம், பேச்சை முடித்துக்கொள்வதற்காக, 'உங்கள் கம்யூனிகேஷன் போதவில்லை என்கிறார்கள்' என்று சொன்னேன். அவர் அதை நம்பி, கடன் வாங்கிப் பணம் கட்டி ஆங்கிலப் பேச்சு வகுப்பில் ஆறு மாதம் படித்திருக்கிறார். ஓராண்டு கழித்து வேறொரு வேலைக்காக நானே அவரை அழைத்தபோது, நான்தான் சொன்னேன் என்பதை நினைவுபடுத்தி நன்றி கூறினார். உண்மையில் அந்த வேலை நிறுவனத்துக்குள்ளேயே இருந்த ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

ஆகவே, நேர்காணலில் கேட்கப்பட்ட ஏதேனும் ஒரு குறிப்பிட்ட கேள்வியையோ உங்கள் குறிப்பிட்ட பதிலையோ சுட்டாத எந்த ஃபீட்பேக்கையும், அது கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால், நம்பி உங்களைத் திருத்திக்கொள்ளப் புறப்படாதீர்கள்.


மேசையின் மறுபக்கம் எழுதியது:

பழைய ரெக்ரூட்டர் சொன்னது பெரும்பாலும் சரி. நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்காணல் குழுவில் இருப்பவள். மாதத்தில் எட்டுப் பத்து பேரையாவது நேர்காண்கிறேன்.

எங்களுக்குத் தரப்படும் படிவத்தில் ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டு, கீழே இரண்டு மூன்று வரிகள் எழுத வேண்டும். பின்னர் குழுவினர் அனைவரும் அரை மணி நேரம் கூடிப் பேசுவோம். அந்தக் கூட்டத்தில் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம், 'இருவருமே நன்றாகச் செய்தார்கள், இவர் முதல் நாளிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடுவார்' என்பதுதான். அடுத்தவருக்கு பிளேரைட் என்ற சோதனைக் கருவி தெரிந்திருந்தது, அல்லது அவர் பதினைந்து நாளில் சேர முடியும் என்றார், அவ்வளவுதான். இதை எப்படி ஃபீட்பேக்காக எழுதுவது? 'உங்களிடம் குறை ஒன்றும் இல்லை, இன்னொருவர் இருந்தார்' என்று எழுதினால் அடுத்த நாளே வாதம் தொடங்கும். அத்துடன், காரணம் எதையும் எழுத்தில் தரக்கூடாது என்று நேர்காணல் செய்பவர்களுக்கான பயிற்சியிலேயே எங்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பாலினம், வயது, மகப்பேறு போன்றவற்றைக் காரணமாகக் காட்டியதாக நாளை எவரேனும் வழக்கிட்டால் என்ன செய்வது என்ற அச்சம்தான் அதற்குக் காரணம்.

இருந்தாலும் கேட்கலாம், பெயர் கெடாது. எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'என்னை ஏன் எடுக்கவில்லை' என்ற கேள்விக்கு நான் பதில் எழுதியதில்லை, ஏனெனில் அதற்கு நான் முடிவை நியாயப்படுத்த வேண்டியிருக்கும். சென்ற ஆண்டு ஒருவர், ஒருமுறை வெற்றியும் ஒருமுறை தோல்வியும் காட்டும் நிலையற்ற சோதனைகளைப் பற்றி நான் கேட்ட கேள்வியைக் குறிப்பிட்டு, காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது என்ற தன் பதில் போதாது என்று தோன்றுவதாகவும், வேறு எந்தத் திசையில் யோசித்திருக்க வேண்டும் என்றும் கேட்டு இரண்டே வரிகள் அனுப்பியிருந்தார். அதற்கு எங்கள் நிறுவனக் கொள்கை எதுவும் தடையாக இல்லை. அது ஒரு தொழில்நுட்பக் கேள்வி. சோதனைகள் ஒன்றின் தரவை ஒன்று பகிர்ந்துகொள்வதையும், சோதனைச் சூழல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்காததையும் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். நேர்காணல் முடிந்து ஓரிரு நாட்களுக்குள் கேட்டதால்தான் அதுவும் முடிந்தது. ஒரு மாதம் கழித்து எழுதியிருந்தால் அவர் முகமே எனக்கு நினைவிருந்திருக்காது.

எவரும் பதில் தராவிட்டாலும் உங்கள் கையிலேயே ஒரு ஃபீட்பேக் இருக்கிறது. வெளியே வந்ததும் எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தையும் நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். பிறகு பதினொரு நேர்காணல்களும் எந்தச் சுற்றோடு நின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதல் தொழில்நுட்பச் சுற்றிலேயே நின்றால் படிக்க வேண்டியது இருக்கிறது. மேலாளர் சுற்றில் நின்றால், செய்த வேலையை எடுத்துச் சொல்லும் விதத்தில் சிக்கல். ஹெச்ஆர் சுற்றில் நின்றால் சம்பளமோ சேரும் தேதியோ இடிக்கிறது; அதற்காகச் செலினியத்தை இன்னும் ஆழமாகப் படித்துப் பயனில்லை. உங்களுடையவை எங்கே நின்றன என்று சொல்ல முடியுமா?


ஸ்காபரோவாசி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து 2011இல் கனடாவுக்கு வந்தவன். வந்த புதிதில் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் ஒன்றில் மௌனம், இல்லாவிட்டால் 'கனேடிய அனுபவம் இல்லை' என்ற பதில்தான் கிடைத்தது. வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க அப்போது எனக்குத் துணிவில்லை.

இந்த விடயம் இப்போது ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டத்துக்குள் வந்திருப்பதால் எழுதுகிறேன். 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட ஒரு நிறுவனம், பகிரங்கமாக விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்முகத்துக்கு அழைத்திருந்தால், கடைசி நேர்முகம் நடந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள், அந்த வேலை தொடர்பாக முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். விளம்பரத்தில் சம்பள வீச்சைக் குறிப்பிட வேண்டும். விண்ணப்பங்களைத் தெரிவுசெய்யச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும். வேலை உண்மையில் வெற்றிடமாக இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். கனேடிய அனுபவம் தேவை என்று விளம்பரத்தில் கேட்கவே கூடாது.

ஆனால் கவனியுங்கள், முடிவைத்தான் தெரிவிக்க வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று இந்தச் சட்டமும் கேட்கவில்லை. அது எனக்குச் சரியாகவே படுகிறது. எனக்கு அந்த நாட்களில் கூடுதலாக வலித்தது நிராகரிப்பு அல்ல, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்ததுதான்.


இருமுறை சென்றவள் எழுதியது:

அண்ணா, தனியார் நிறுவனங்களில் காரணம் தெரிவதில்லை என்கிறீர்கள். அரசுத் தேர்வில் மதிப்பெண்ணே தெரிந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்கள். அதில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275. முடிவுகளுக்குப் பின் ஒவ்வொருவரும் பெற்ற மதிப்பெண் வெளியிடப்படுகிறது. நான் முதல் முறை 138 பெற்றேன். அடுத்த முறை 179. இரண்டு முறையும் அதே விருப்பப் பாடம், ஏறக்குறைய அதே பதில்கள், அதே புடவை என்றுகூடச் சொல்லலாம். 41 மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை எவராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. குழு வேறு, நாள் வேறு என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேறுபாடு.

அரசு, பொதுத்துறை நிறுவனங்களின் நேர்காணலுக்குச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மத்திய அரசு அமைப்பாக இருந்தால் பத்து ரூபாய் கட்டணத்துடன், உங்கள் நேர்காணல் மதிப்பெண்ணைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல், விடைத்தாள் நகலையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் தேர்வருக்குத் தரலாம், ஆனால் மதிப்பிட்டவர் யார் என்பதை வெளியிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை என்பதால் உங்களுக்கு இது நேரடியாகப் பயன்படாது, மன்னிக்கவும்.


ஈஸ்ட்ஹாம் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. பிரித்தானியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம்; நேர்காணலின்போது நம்மைப் பற்றி எழுதி வைக்கப்பட்ட குறிப்புகளும் பொதுவாக அதில் அடங்கும்; ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். நானும் ஒருமுறை கேட்டு வாங்கினேன். இரண்டு பக்கக் குறிப்பில் என்னைப் பற்றி இருந்தவை, 'பதில்கள் நீளம்' என்ற ஒரு வரியும், மூலையில் எவரோ வரைந்திருந்த ஒரு பூனைப் படமும்தான். அந்த ஒரு வரி உண்மைதான் என்று என் மனைவி சொன்னார்.


சிங்காநல்லூர்க்காரன் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இடைப்பட்ட மூன்று வாரங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

மேசையின் மறுபக்கம் கேட்டபடி எண்ணிப் பார்த்தேன். பதினொன்றில் இரண்டு முதல் தொழில்நுட்பச் சுற்றில் நின்றன. மூன்று மேலாளர் சுற்றில். ஆறு ஹெச்ஆர் சுற்றில். இத்தனை நாளும் நான் இரவு கண்விழித்துப் படித்துக்கொண்டிருந்தது ஜாவா நிரல் எழுதும் கேள்விகளை. தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும், தகவல் தராத ஏழு நிறுவனங்களுக்கும் ஒவ்வொரு குறிப்பிட்ட கேள்வியுடன் எழுதினேன். இரண்டு பதில்கள் வந்தன. ஒன்றில், 90 நாட்கள் காத்திருக்க அவர்களுடைய வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஹெச்ஆர் அலுவலர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். இன்னொன்று ஒரு மேலாளரிடமிருந்து வந்தது. படித்ததும் கொஞ்சம் சுட்டது. நான் பேசியது முழுவதும் 'நாங்கள் செய்தோம்', 'எங்கள் டீம் செய்தது' என்றே இருந்ததால், அதில் நான் செய்தது எது என்று அவரால் கடைசிவரை பிரித்தறிய முடியவில்லையாம். நான் செய்தேன், நான் செய்தேன் என்று சொல்வது தற்பெருமை என்று வளர்ந்தவன் நான்; வீட்டில் அப்படிப் பேசினால் அப்பா முறைப்பார். சோதனைத் தொகுப்பு ஓடும் நேரத்தை நான்கு மணியிலிருந்து ஐம்பது நிமிடமாகக் குறைத்தது நான் தனியாகச் செய்த வேலை. அதையும் 'எங்கள் டீம்' கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

ஓ.எம்.ஆர். நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. இனி எதிர்பார்க்கவும் இல்லை.

பழைய ரெக்ரூட்டருக்கு ஒரு கேள்வி. நோட்டீஸ் பை-அவுட் (மீதி நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னதாகவே விலகுவது) செய்யத் தயார் என்று சொன்னால் இந்த 90 நாள் சிக்கல் தீருமா? எந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும்?


பழைய ரெக்ரூட்டர் எழுதியது:

முதலில் உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மீதி நாட்களுக்கான பணத்தைக் கட்டிவிட்டு விலகலாம் என்பது உங்கள் விருப்பமாக எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது நிறுவனம் ஒப்புக்கொண்டால் மட்டுமா என்று பார்க்க வேண்டும். பல கடிதங்களில் இரண்டாவதுதான் இருக்கும். அந்த நிலையில் வெளியே வாக்குக் கொடுத்துவிட்டு இங்கே ரிலீவிங் லெட்டர் (பணிவிடுவிப்புக் கடிதம்) கிடைக்காமல் மாட்டிக்கொள்ளாதீர்கள். கட்ட வேண்டிய தொகை அடிப்படைச் சம்பளத்தின் மீதா, மொத்தச் சம்பளத்தின் மீதா என்பதையும் அதே பத்தியில் பாருங்கள். ஒரு மாதத்துக்கே பெரிய வேறுபாடு வரும். சில நிறுவனங்கள் அந்தத் தொகையைத் தாங்களே ஏற்றுக்கொள்வதும் உண்டு.

கடிதம் இடம் தருமானால், ரெக்ரூட்டரின் முதல் அழைப்பிலேயே, '90 நாள், பை-அவுட் செய்து 30 நாளில் சேர முடியும்' என்று சொல்லிவிடுங்கள். படிவத்தில் நோட்டீஸ் என்ற கட்டத்தில் அவர் வெறும் 90 என்று பதிந்துவிட்டால், ஐந்தாவது சுற்றில் நீங்கள் சொல்வதை எவரும் போய்த் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.